கொலுசு அளவு

நிறம் பிடிக்கவில்லை, மூக்கு பிடிக்கவில்லை, ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. என்னை நிச்சயம் செய்ய வந்தவர்கள் என் காலைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அந்தக் காலுக்கு என்ன ஆயிற்று என்று எங்கள் கூடத்தில் இருந்த அத்தனை பேரில் என்னைத் தவிர ஒருவருக்குத்தான் தெரியும். அவர்தான் மாப்பிள்ளை.

எழுபத்து மூன்றாம் வருஷம் அது. அப்பா சுயம்புலிங்கத்துக்கு உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மெட்ராஸில் வேர் பிடித்த குடும்பம். கடை தியாகராய நகரில், வீடு அடையாறு காந்தி நகரில். நான் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். பெண் வீட்டில் இருக்கிறாள் என்றால் மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்று அர்த்தம். தேடிக் களைத்த நேரத்தில் என்னைக் குறை சொல்வார்கள். அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்க, கல்லூரித் தோழி ஜானுவோடு விடிகாலையில் எலியட்ஸ் கடற்கரைக்கு நடக்கப் போவேன். ஜானுவுக்கு உடம்பு இளைக்க வேண்டும் என்று அவள் அம்மாவின் உத்தரவு. எனக்குக் காற்று வேண்டும், அவ்வளவுதான்.

பெசன்ட் நகரில் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அலையோரம் நாங்கள் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், ஆளுயரத்துக்கும் மேலே நீண்ட ஒரு வெள்ளைப் பலகை நுரையில் புரண்டு எங்களை நோக்கி வந்தது. அதன் பின்னாலேயே ஒருவர் தண்ணீரில் தடுமாறிக்கொண்டு கத்தினார்.

"ஏ, பிடிங்க பிடிங்க! திரும்ப உள்ள போயிரும்லா!"

நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய்ப் பலகையைப் பிடித்தேன். அந்த 'லா' எனக்குப் போதும். பதற்றத்தில் வாயில் வந்த பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு. விசாரித்தால், தி. நகரில் நகைக்கடை வைத்திருக்கும் வைரவனின் மகன் ஜவஹர். அடையாறில் தங்கியிருந்த ஓர் ஆஸ்திரேலியாக்காரன் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பலகையாம். அதில் ஏறி நின்றால் அலை நம்மைக் கரை வரைக்கும் சுமந்துகொண்டு வருமாம். எப்படி நிற்பது என்று அந்த ஆஸ்திரேலியாக்காரன் சொல்லிக்கொடுத்தது பாதி, இவர் விழுந்து விழுந்து கண்டுபிடித்தது பாதி.

"நானும் பழகலாமா?" என்று கேட்டேன்.

"உனக்கென்ன பைத்தியமாடி?" என்றாள் ஜானு. "ஆத்துல தெரிஞ்சா தோலை உரிச்சுடுவா."

சொன்னாளே தவிர, அடுத்த காலையில் அவள் தம்பியின் பழைய சட்டையையும் பைஜாமாவையும் அவள்தான் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கடல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருப்பதில்லை. மீனவர் குப்பத்துக்குச் சற்றுத் தெற்கே தண்ணீருக்கு அடியில் ஒரு மணல் திட்டு இருந்தது. பெரிய அலையெல்லாம் அதில் மோதி தூரத்திலேயே உடைந்துவிடும். மிச்சம் வெள்ளை நுரையாக, இடுப்பளவு தண்ணீரில் சாதுவாக வரும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வழுக்காமல் இருக்கப் பலகையின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்ப்போம். பிறகு அதன் மேல் முழங்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவோம். அலை வந்து பின்னால் முட்டும்போது எழுந்து நிற்க வேண்டும்.

நான் எழுந்தேன், விழுந்தேன். விழுந்தேன் என்பதைத்தான் அதிகம் சொல்ல வேண்டும். குடித்த உப்புத் தண்ணீருக்குக் கணக்கே இல்லை. முழங்காலிலேயே கரை வரைக்கும் வந்துவிடுவதில் எனக்குத் திருப்தி. வலை உலர்த்தும் பெண்கள் என்னைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார்கள்.

"இன்னாமே, இன்னிக்கும் முட்டி போட்டுக்கினே வர? வாத்தியாரு தண்டன குட்த்துட்டாரா?"

ஜவஹர் சிரித்ததில்லை. நான் விழுந்தால் நீந்தி வந்து பலகையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்று மட்டும் சொல்வார். பத்துப் பேர் சொல்கிற அன்பான வார்த்தையெல்லாம் எனக்கு அந்த 'இன்னொரு தடவை'க்கு ஈடாகாது. பங்குனிக்குள் எனக்கு அவர்மேல் உயிர். அவருக்கும் அப்படித்தான் என்று அவரே சொன்னார், தண்ணீரில் நின்றுகொண்டு, முகத்தில் வழிந்த உப்பைத் துடைத்தபடி.

முழங்கால் போட்டுப் போட்டு என் முட்டிக்குக் கீழே ஒன்றும், புறங்காலில் ஒன்றுமாக இரண்டு காலிலும் புளியங்கொட்டை கனத்துக்கு முண்டு முண்டாகக் கிளம்பியது. அதன் மேல் தோல் தடித்து, வெளிறி, செதிலாக உரிந்தது. அவர் காலிலும் அதே இடத்தில் அதே முண்டுகள். மணலில் நான்கு காலையும் நீட்டி வைத்துக்கொண்டு யாருடையது பெரியது என்று சண்டை போடுவோம். ஜானு தலையில் அடித்துக்கொள்வாள்.

கல்யாணப் பேச்சை எப்படித் தொடங்குவது என்பதுதான் சிக்கல். ஒரே சாதி, ஒரே ஊர்ப் பக்கம், ஏறக்குறைய ஒரே வசதி. எல்லாம் சரி. ஆனால் 'ஆசைப்பட்டோம்' என்ற ஒரு சொல் வெளியே வந்தால் அவர் அம்மா சுந்தரவல்லி விஷம் குடிப்பாள் என்றார். பழகிவிட்டு வந்து நிற்கிற பெண் அவள் கண்ணுக்குப் பெண்ணே இல்லை.

"அம்மாவே பார்த்து முடிச்ச மாதிரி இருக்கணும் புஷ்பம். புரோக்கர் அய்யாதுரை காதுல உன் பேரைப் போட்டுருக்கேன். ஜாதகம் கைக்கு வந்துட்டா மிச்சம் தானா நடக்கும். நாம ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல, சரியா?"

எனக்கு அது பெரிய விளையாட்டாகத் தெரிந்தது. சரி என்றேன்.

ஜாதகம் பொருந்தியது. ஆனியில் பெண் பார்க்க வந்தார்கள். நான் காபித் தட்டோடு குனிந்த தலை நிமிராமல் நடந்தேன். முந்தின நாள் காலையில் என்னோடு அலையில் புரண்டவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "பொண்ணு என்ன படிச்சிருக்காங்க?" என்று என் அப்பாவைக் கேட்டார். சிரிப்பை அடக்கியதில் தட்டில் காபி சிந்தியது. பயந்த பெண் என்று அதையும் மெச்சினார்கள்.

சுந்தரவல்லி மட்டும் மகன் பக்கம் திரும்பிக் கேட்டாள். "ஏல, ரெண்டு பேரும் மெட்ராஸ்ல வளந்தவிய. இதுக்கு முன்ன எங்கயாச்சும் பாத்துப் பேசியிருக்கியா?"

"இல்லம்மா."

"என் தலையில அடிச்சுச் சொல்லு."

அவர் கையை அவள் தலைமேல் வைத்து, "சத்தியமா இல்லம்மா" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் ஜானுவுக்குக் கல்யாணமாகி ஜாம்ஷெட்பூர் போய்விட்டாள். துணை இல்லாமல் நான் கடற்கரைக்குப் போக முடியவில்லை. அதனால் என்ன, இன்னும் கொஞ்ச நாள்தானே என்று இருந்தேன். ஐப்பசியில் நிச்சயதார்த்தம்.

தட்டுகளைக் கூடத்தில் பரப்பி வைத்தார்கள். லக்கினப் பத்திரிகை வாசிப்பதற்கு முன் கொலுசு அளவு எடுக்க வேண்டும் என்றாள் சுந்தரவல்லி. நகைக்கடைக் குடும்பம் அல்லவா, மருமகளின் காலுக்கு மாமியாரே மஞ்சள் நூலில் அளவெடுத்துக் கொலுசு செய்து போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். என்னை மணையில் உட்கார வைத்து, அவள் தரையில் உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. முண்டுகளின் நினைப்பே எனக்கு இல்லை. அவை என் உடம்போடு பிறந்தவை போல ஆகிவிட்டிருந்தன.

நூலைக் கணுக்காலில் சுற்றினவள் நிறுத்தினாள். புறங்காலைத் தடவினாள். புடவையைக் கொஞ்சம் ஏற்றி முட்டிக்குக் கீழே பார்த்தாள். மறு காலையும் பார்த்தாள்.

"இது வலிக்காம்மா?" என்று அழுத்தினாள்.

"இல்லத்தே."

நகத்தால் குத்தினாள். "இப்ப?"

"இல்ல." பெரியவள் மனம் வருந்தக்கூடாது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். தடித்த தோல், உண்மையாகவே வலிக்கவும் இல்லை.

அவள் என் காலை மடியிலிருந்து இறக்கினாள். நூலை அங்கேயே போட்டுவிட்டு எழுந்தாள். "கை கழுவத் தண்ணி குடுங்க" என்றாள். எதற்கு என்று அம்மா புரியாமல் சொம்பைக் கொண்டுவந்தாள். முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு, புருஷன் காதில் ஏதோ சொன்னாள். அவர்களோடு வந்த ஒரு பெண்மணி தன் குழந்தையை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டாள். குஷ்டத்துக்கு எங்கள் ஊரில் சொல்லும் அந்தச் சொல் அவள் வாயிலிருந்துதான் வந்தது. "பெரிய வியாதி."

அம்மா சண்முகவடிவு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளும் என் காலை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பெற்றவள் கண்ணிலேயே பயத்தைக் கண்டதும் எனக்கு வெட்கமெல்லாம் போய்விட்டது.

"வியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். கூடமே திரும்பியது. "கடல்ல பலகை மேல முட்டி போட்டுப் பழகினேன். அதுல வந்த காய்ப்பு இது."

"எந்தக் கடல்லட்டி?" என்றார் அப்பா. "யார் கூட?"

"எலியட்ஸ் பீச்சுல. ஜானுவும் இருந்தா."

"ஜானு எங்க இருக்கா? வேற யாரு பாத்தா?" என்றாள் சுந்தரவல்லி.

"குப்பத்துல கேளுங்க. எல்லாருக்கும் தெரியும்."

"நல்லா இருக்கு. குப்பத்துக்குப் போயா நான் சம்பந்தம் விசாரிக்கணும்?"

நான் ஜவஹரைப் பார்த்தேன். சம்மணம் போட்டு, பட்டுக்கரை வேட்டியில், ஜமுக்காளத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். செருப்பெல்லாம் வாசலில். அவருடைய வெறுங்கால் அத்தனை பேர் முன்னாலும் இருந்தது. என் காலில் இருந்தது அப்படியே அவர் காலிலும் இருந்தது, குழல் விளக்கு வெளிச்சத்தில், பளிச்சென்று. ஒருவரும் பார்க்கவில்லை. ஆண்பிள்ளை காலை யார் பார்க்கிறார்கள்?

"இவங்களைக் கேளுங்க" என்றேன். "இவங்களுக்குத் தெரியும்."

எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அவருடைய அம்மாவைப் பார்த்தார். அவள் தன் உச்சந்தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், அன்றைய சத்தியத்தை நினைவுபடுத்துகிறவளாக. அவர் வேட்டி விளிம்பை இழுத்துவிட்டுக் காலை உள்ளே மடக்கிக்கொண்டார்.

"அவங்க என்ன சொல்றாங்கன்னே எனக்கு விளங்கல" என்றார்.

'அவங்க'. நான் அவருக்கு 'அவங்க' ஆகிவிட்டேன்.

எழுந்து போய் அந்த வேட்டியை விலக்கிக் காட்டியிருக்கலாம். ஒரு விரலை நீட்டியிருந்தாலே போதும். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் என் கை எழவில்லை. அவராக நீட்டுவார், இதோ, இதோ என்று நான் காத்திருந்தேன். காத்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் கொண்டுவந்த தட்டுகளை அவர்களே தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டார்கள்.

மறுநாள் ஆழ்வார்பேட்டை டாக்டர் வேதாந்தத்திடம் அப்பா என்னை டாக்சியில் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, குண்டூசியாலும் பஞ்சாலும் காலில் மாற்றி மாற்றித் தொட்டார். எது குண்டூசி, எது பஞ்சு என்று சரியாகச் சொன்னேன்.

"யாரும்மா சொன்னா இதை அந்த வியாதின்னு? முழங்கால் போட்டு வேலை செய்யறவாளுக்கெல்லாம் வர்றதுதான். நிறுத்தினா தானா கரைஞ்சு போயிடும்."

அப்பா அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அய்யாதுரை அந்தச் செய்தியைக் கொண்டுபோனார். கால் சுத்தமாகட்டும், பிறகு பார்ப்போம் என்று சுந்தரவல்லி சொல்லி அனுப்பினாள். கதவு முழுக்கச் சாத்தவில்லை என்று அம்மாவுக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து தினமும் என் காலைப் பிடித்து வைத்துக்கொண்டு வேப்பெண்ணெய் தேய்த்தாள். வாசலைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. நான் கடலைப் பற்றிச் சொன்னதை அவள் நம்பினாளா என்று தெரியாது. கேட்கவே இல்லை. கேட்டால் அடுத்த கேள்வியும் கேட்க வேண்டியிருக்கும் என்று பயந்தாள் போலிருக்கிறது.

நான் ஜவஹருக்காகக் காத்திருந்தேன். அவர் வந்து அப்பாவிடம் சொல்வார் என்று தினமும் நினைத்தேன். அவர்கள் கடைக்கும் எங்கள் கடைக்கும் இடையே கூப்பிடு தூரம். அவர் சார்பில் நானே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தேன். சத்தியம் செய்துவிட்டாரே, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? என் பெயரைக் காப்பாற்றத்தானே பேசாமல் இருந்தார்? இப்படி அவருக்காக நான் வாதாடிய வாதத்தில் பாதியை அவர் எனக்காக வாதாடியிருந்தால் என் கழுத்தில் தாலி ஏறியிருக்கும்.

முண்டுகள் கரைந்தன. கார்த்திகைக்குள் முட்டியில் இருந்தது போயிற்று. மார்கழியில் புறங்கால் சமமாயிற்று. அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "முருகா, கண்ணைத் திறந்துட்டயே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த விடிகாலைகள் எனக்கு நடந்தன என்பதற்கு என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

தை பிறந்ததும் திரும்ப வந்தார்கள். இந்த முறை கூட்டமில்லை. வைரவன், சுந்தரவல்லி, ஜவஹர், முன்னால் அய்யாதுரை. சுந்தரவல்லி வந்ததும் வராததுமாக என் காலைப் பார்த்தாள். விரலால் தடவினாள். "எலுமிச்சம்பழம் மாதிரில்லா இருக்கு! திருஷ்டிதான் போ" என்று சிரித்து, மடியிலிருந்து மஞ்சள் நூலை எடுத்தாள். அம்மாவும் சிரித்தாள். அப்பா எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிவர ஆள் அனுப்பினார். நடந்ததெல்லாம் ஒரு ஜலதோஷம் போல, வந்தது, போனது என்று ஆகிவிட்டது.

ஜவஹரின் கண் என் காலில் இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் அவர் காலைப் பார்த்தேன்.

முண்டுகள் அப்படியே இருந்தன. அப்படியே இல்லை, முன்னைவிடப் பெரிதாக இருந்தன. மேல்தோல் புதிதாக உரிந்து, ஓரத்தில் சிவந்திருந்தது. உப்பும் வெயிலும் பட்ட கால். நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அறைக்குள் கிடந்த அந்த மாதங்களில் அவர் ஒரு நாளும் நிறுத்தவில்லை. காலையில் கடலுக்குப் போய், அலையில் விளையாடி, குளித்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார்.

அப்போதுகூட எனக்கு அவர் வேண்டியிருந்தார். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரே ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தால் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தேன்.

காலைச் சுந்தரவல்லியின் கையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றேன் அவரைப் பார்த்து. "எனக்குக் காலில வந்தது எதனால வந்ததுன்னு இப்பச் சொல்லுங்க. இப்பத்தான் ஒண்ணும் இல்லியே. சொன்னா யாருக்கும் நட்டமில்ல."

அய்யாதுரை தொண்டையைச் செருமினார். ஜவஹர் என்னைப் பார்த்தார், அவருடைய அம்மாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை.

"அதான் சரியாப் போச்சே" என்றார். "இப்ப எதுக்குப் புஷ்பம் அந்தப் பேச்சு?"

சுந்தரவல்லிக்குக் கேட்டதோ இல்லையோ, என் அம்மாவுக்குக் கேட்டது. பெண் பார்த்ததோடு சரி, ஒரு வார்த்தை பேசாத பெண்ணை யாரும் அவ்வளவு பழக்கமாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். அம்மா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"நீ சொன்னது நெசந்தானாட்டி?"

"ஆமாம்மா."

"இவனுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் அன்னிக்கு உன்னை எல்லார் முன்னாலயும் அப்படி உக்காத்தி வச்சிருந்தானா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்தச் சம்பந்தத்துக்காக முருகனுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தவள். என் காலில் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை மஞ்சளாகிப் போயிருந்தவள்.

"உனக்கு இவன் வேணுமா, சொல்லு. வேணும்னா நான் பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கட்டி வைக்கேன்."

"வேண்டாம்மா" என்றேன். அவளைக் கட்டிக்கொண்டு வேண்டும், வேண்டும் என்று அழவேண்டும் போலிருந்தது.

அவள் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனாள். "எம் பிள்ளைக்கு இஷ்டமில்ல. நீங்க போயிட்டு வாங்க" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. சுந்தரவல்லி ஏதோ கத்தினாள். அப்பா "வடிவு, வடிவு" என்றார். நாற்காலி நகர்ந்தது. வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம், ஒருவர் பின் ஒருவராக.

நான் அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் செருப்பு மாட்டினது எனக்குத் தெரிந்தது. படியில் கொஞ்சம் நின்றார். அந்த நிமிஷம் அவர் திரும்பி வந்து, நாங்கள் பார்த்திருக்கிறோம், பழகியிருக்கிறோம் என்று என் அப்பாவிடம் சொல்லியிருந்தால், அம்மா சொன்ன சொல்லையும் நான் சொன்ன சொல்லையும் தள்ளிவிட்டு அவர் பின்னால் போயிருப்பேன்.

"ஏல, வாரியா இல்லியா?" என்றாள் சுந்தரவல்லி.

"வாரேம்மா" என்றார்.